கத்திக்கு முந்தைய இருபது நிமிடம்: சாட்ஸ்வர்த் குடும்பத் தாக்குதல் பற்றிய நிகழ்வு ஆய்வு

நடந்தது

2023 குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை இரவு, தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத் தென்மேற்கே உள்ள சாட்ஸ்வர்த்தில், 26 வயது இளைஞர் ஒருவர் தன் அக்காவின் கணவரை இறைச்சிக் கத்தியால் வயிற்றிலும் முன்கையிலும் குத்தினார். குத்துப்பட்டவருக்குக் குடலில் காயம். அறுவை சிகிச்சை செய்து பிழைக்க வைத்தார்கள். குத்தியவர் ஓடவில்லை. போலீஸ் வரும்வரை சமையலறைப் படியிலேயே உட்கார்ந்திருந்தார். முதலில் கொலை முயற்சி என்று பதிவான வழக்கு, பிறகு கடுங்காயம் விளைவிக்கும் நோக்கத்துடன் தாக்கியது என்று மாறியது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை விதிக்கும் முன் நீதிமன்றம் கேட்கும் அறிக்கையைத் தயாரிக்க வேண்டிய நன்னடத்தை அலுவலர் நான்.

அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். உறவுமுறையிலேயே குறிப்பிடுகிறேன்: குத்தியவர் தம்பி, அவருடைய அக்கா, அக்காவின் கணவர் மச்சான், அம்மாவைப் பெற்றவர் ஆயா.

என் கைக்கு வந்த கோப்பில் காரணம் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. தம்பி 'சுகர்ஸ்' பிடிப்பவர், அதனால் குத்தினார். ஹெராயினை மட்டமான சரக்குகளோடு கலந்து விற்கும் அந்தத் தூள், இரண்டாயிரங்களின் நடுவிலிருந்தே சாட்ஸ்வர்த்தில் எத்தனையோ வீடுகளைக் குலைத்திருக்கிறது. ஆகவே அந்த விளக்கத்தை யாரும் கேள்வி கேட்கவில்லை. அது பொய்யும் இல்லை. ஆனால் சுகர்ஸ் பிடிக்கிற ஆயிரம் பேரில் இவர், இந்த இரவில், இந்த ஆளை ஏன் குத்தினார் என்பதற்கு அதில் பதில் இல்லை.

பின்னணி

1950இல் வந்த குழுப் பகுதிச் சட்டம் இந்தியர்களைத் தனியே ஒதுக்கியது. அதன் விளைவாக அறுபதுகளில் எழுந்த ஊர் சாட்ஸ்வர்த். நகராட்சித் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பாரக்ஸிலிருந்து பல தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் இங்கே கொண்டுவரப்பட்டன. ஆயா பிறந்தது அந்தப் பாரக்ஸில்தான். கல்யாணமாகி, கைக்குழந்தையோடு இந்த வீட்டுக்கு வந்தவர். பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிரும் சின்ன வீடு. பின்னால் அவுட்பில்டிங் ஒன்று பிற்பாடு கட்டியிருக்கிறார்கள். அதில் அக்காவும் மச்சானும் இரண்டு பிள்ளைகளும். முன்வீட்டில் ஆயாவும் தம்பியும்.

அம்மா துணி ஆலையில் தையல் மெஷினில் இருந்தவர். தொண்ணூறுகளில் இறக்குமதி வரி குறைந்து டர்பனின் துணி ஆலைகள் ஒவ்வொன்றாக மூடியபோது அவருக்கும் வேலை போனது. பிறகு வீட்டிலேயே தைத்துக் குடும்பத்தை ஓட்டினார். அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடிப்பவர். தம்பிக்கு ஒன்பது வயதானபோது, விவாகரத்து எதுவும் வாங்காமல் போய்விட்டார்.

2021 இந்த வீட்டுக்குக் கொடிய வருடம். ஜனவரியில் அம்மா கோவிடில் இறந்தார். ஜூலையில் நடந்த கலவரத்தில் நாட்டில் 350க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். டர்பனைச் சுற்றி எரிந்த கிடங்குகளில் ஒன்று தம்பி வேலை பார்த்த இடம். முன்பு வார இறுதியில் மட்டும் இருந்த சுகர்ஸ், அதற்கப்புறம் அன்றாடப் பழக்கமானது. அவர் கைக்கு மாதம் வந்தது 350 ராண்ட் நிவாரண உதவி மட்டுமே. ஆயாவின் முதியோர் உதவித்தொகை சுமார் 2,000 ராண்ட். வீட்டில் நிலையான வருமானம் அதுதான்.

கவனித்தவை

விசாரணையை அலுவலகத்தில் வைத்துக்கொள்ளாமல் வீட்டிலேயே நடத்தினேன். இரண்டு காரணம். சண்டை நடந்த முற்றத்தை நேரில் பார்க்க வேண்டும். அப்புறம், ஆயாவிடம் யாரும் முறையாகப் பேசவில்லை. 82 வயது, காது மந்தம், எதையும் பார்த்திருக்க மாட்டார் என்று போலீஸ் அவரிடம் வாக்குமூலமே வாங்கவில்லை. தமிழில் பேச ஆரம்பித்ததும் அவர் எழுந்துபோய், குளிர்பெட்டிக்கு மேலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துவந்தார்.

அது மின்சாரக் கணக்கு. முன்வீட்டுக்கும் அவுட்பில்டிங்குக்கும் சேர்த்து ஒரே ப்ரீபெய்டு மீட்டர். கடையில் காசு கொடுத்தால் 20 இலக்க எண் அச்சிட்ட சீட்டு வரும். அந்த எண்ணை மீட்டரில் அழுத்தினால் யூனிட் ஏறும். அம்மா ஒவ்வொரு சீட்டையும் தேதி வாரியாக நோட்டில் ஒட்டி, பக்கத்தில் யார் பணம் என்று எழுதிவந்திருக்கிறார். மாதத்தின் முதல் பாதி மச்சான், பின்பாதி முன்வீடு. மச்சான் வார இறுதிகளில் முற்றத்தில் வெல்டிங் வைத்து ஜன்னலுக்குப் பர்க்லர் கார்டு (திருடர் நுழையாமல் தடுக்கும் இரும்புக் கம்பி) செய்து விற்பார். வெல்டிங் மெஷின் யூனிட்டை விழுங்கும். அந்த வாரங்களில் அவர் பெயருக்கு எதிரே கூடுதலாக 100 ராண்ட் இருக்கும். அம்மா கேட்டு வாங்கியிருக்கிறார். சண்டை வரவில்லை.

2021 பிப்ரவரியில் கையெழுத்து மாறுகிறது. அக்கா கொஞ்ச நாள் எழுதுகிறார், அப்புறம் யாரும் எழுதவில்லை. ஆயா சீட்டுகளை மட்டும் ஒட்டிவந்திருக்கிறார். 200, 150 என்று வாங்கியது 50 ஆகி, 20 ஆகி, கடைசி மாதங்களில் 10 ராண்ட் சீட்டுகளாகிவிட்டது. ஒவ்வொரு சீட்டிலும் நேரம் இருக்கிறது: இரவு 9, இரவு 10, காலை 5. மின்சாரம் தீர்ந்து இருட்டான பிறகு யாராவது ஒருவர் கோபத்தோடு கடைக்கு ஓடியிருக்கிறார் என்று அர்த்தம். கூடுதல் 100 ராண்ட் எங்குமே இல்லை. இரண்டு வருடமாக ஒரு தகராறு வளர்ந்த விதத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டிய ஆவணத்தை நான் வேறெந்த வழக்கிலும் பார்த்ததில்லை.

இடையில் இன்னொன்று நடந்தது. மச்சானின் இரும்பு அறுக்கும் கிரைண்டர் காணாமல் போனது. தம்பிதான் எடுத்து விற்றார், என்னிடம் மறைக்கவில்லை. அன்று கைகலப்பாகி அக்கா போலீஸைக் கூப்பிட்டிருக்கிறார். வந்தவர்கள், யாரும் புகார் எழுதித் தராததால் திரும்பிப் போனார்கள். குடும்ப வன்முறைச் சட்டம் 1998இலிருந்து இருக்கிறது. கணவன் மனைவிக்கு மட்டுமானது அல்ல அது. ஒரே வளாகத்தில் வாழும் மைத்துனர்களுக்கும் பொருந்தும். பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம் என்று அன்று யாரும் அக்காவிடம் சொல்லவில்லை. பெரியவர்கள் சொன்னது வேறு: "வீட்டு விஷயம், தெருவுக்குக் கொண்டுபோகாதே."

அந்த இரவு

அக்கா மகளின் எட்டாவது பிறந்தநாள். முற்றத்தில் கரி போட்டு இறைச்சி வாட்டினார்கள். பெரியவர்கள் சுமார் 15 பேர். பிராந்தி மதியமே திறந்தாகிவிட்டது. தம்பி அதற்கு முந்தைய நாள் காலையிலிருந்து சுகர்ஸ் எடுத்திருக்கவில்லை. உடல்வலி, தூக்கமின்மை, எரிச்சல். அதன் மேல் பிராந்தி. அங்கே இருந்தவர்களைத் தனித்தனியாகச் சந்தித்து, யார் எங்கே நின்றார்கள், என்ன சொன்னார்கள் என்று கேட்டு நேரவாரியாக அடுக்கினேன்.

எட்டரை மணியளவில் கேக் வெட்டும் முன் மின்சாரம் போனது. யூனிட் தீர்ந்துவிட்டது. இந்த வாரம் யார் முறை என்று யாரோ கேட்டார்கள். மச்சான், "கிரைண்டர் வித்த காசு இருக்குமே, களவாணிகிட்ட கேளுங்க" என்றார். சிலர் சிரித்தார்கள். தம்பி பதில் பேசாமல் உள்ளே போனார்.

ஏறக்குறைய 20 நிமிடம் அவர் இருட்டில் தனியாக இருந்தார். அவ்வளவு பேரில் ஒரே ஒருவர்தான் அவரைத் தேடிப் போனார். ஆறுதல் சொல்ல அல்ல. "உங்கம்மா வீட்ல நின்னு உன்னையே களவாணிங்கிறான், நீ பொத்திக்கிட்டு இருக்கே" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். தம்பி வெளியே வந்தார். "என் வீட்டை விட்டுப் போ" என்றார். மச்சான் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். இறைச்சி வெட்டிய கத்தி பக்கத்து மேசையில் இருந்தது. அதற்கப்புறம் சில நொடிகள்தான்.

தம்பி உள்ளே போனதை எல்லாரும் பார்த்தார்கள். ஏதோ நடக்கப்போகிறது என்று தோன்றியதா என்று கேட்டேன். பலர் ஆமாம் என்றார்கள். ஏன் போகவில்லை? கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒரே பதில்: அவங்க குடும்பப் பிரச்சினை.

காரணத்தை எப்படிப் பிரித்துப் பார்த்தேன்

தென்னாப்பிரிக்காவில் 2022 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை 27,494 கொலைகள் பதிவாயின. ஒரு லட்சம் பேருக்கு சுமார் 45. கொள்ளையனையும் கார் கடத்துபவனையும் நினைத்துத்தான் நாம் கதவைப் பூட்டுகிறோம். ஆனால் காரணம் தெரிந்த வழக்குகளைப் போலீஸ் பிரித்துப் பார்க்கும்போது வாக்குவாதமும் மனத்தாங்கலும் திரும்பத் திரும்ப முன்வரிசையில் நிற்கின்றன. வார இறுதி, இரவு, மது, தெரிந்த ஆட்கள். கத்தி இரண்டு அங்குலம் தள்ளி இறங்கியிருந்தால் இந்த வழக்கும் அந்த எண்ணிக்கையில் சேர்ந்திருக்கும்.

போதைக்கும் வன்முறைக்கும் உள்ள தொடர்பை ஆய்வாளர் பால் கோல்ட்ஸ்டீன் 1985இல் மூன்றாகப் பிரித்தார். போதை உடலிலும் மூளையிலும் செய்யும் வேலை, அதை வாங்கப் பணம் தேடுவதால் வரும் வன்முறை, போதைச் சந்தையின் வன்முறை. இதை வைத்துப் பார்த்தால் 'சுகர்ஸ்தான் காரணம்' என்ற வாக்கியம் உடைந்துபோகிறது. சந்தைச் சண்டை இங்கே இல்லை. கிரைண்டர் திருட்டு பணத்தேவையால் வந்தது, ஆனால் அது சண்டைக்கு விறகுதானே தவிர அன்றைய குத்தின் நோக்கம் அல்ல. ஹெராயின் போதையில் இருப்பவர் பொதுவாக மந்தமாகிவிடுவார். இங்கே போதை இல்லாத தவிப்பும், அதன் மேல் மதுவும் சேர்ந்து பொறுமையைத் தின்றிருக்கின்றன. என் கணிப்பில் அன்றிரவு பிராந்தி செய்த வேலை சுகர்ஸ் செய்ததைவிடப் பெரிது. கோப்பில் பிராந்தி பற்றி ஒரு வரி இல்லை. எல்லாரும் குடித்திருந்ததால் யாருக்கும் அது காரணமாகத் தோன்றவில்லை.

குழந்தைப் பருவம்? வதைபட்ட குழந்தைகள் பின்னாளில் வன்முறைக் குற்றத்தில் சிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று கேத்தி விடம் 1989இல் காட்டினார். கூடவே, அப்படிப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் அந்த வழியில் போவதில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. அந்த இரண்டாவது பாதியை நாம் மறந்துவிடுகிறோம். அக்கா அதே அப்பாவின் அடிகளைப் பார்த்து வளர்ந்தவர், யார் மேலும் கை ஓங்கியதில்லை. ராபர்ட் அக்னியூ 1992இல் விரித்துச் சொன்ன நெருக்கடிக் கோட்பாடு இன்னும் நெருங்கி வருகிறது. அருமையானதை இழப்பது, அவமானத்தில் தொடர்ந்து வாழ்வது, தப்பிக்க வழியில்லாமல் இருப்பது ஆகியவை கோபமாகத் திரளும். அம்மா, வேலை, கௌரவம் என்று மூன்றையும் தம்பி இரண்டே வருடத்தில் இழந்திருந்தார்.

ஆனாலும் குத்திய அந்த நிமிடத்தை எனக்கு விளக்கியது டேவிட் லக்கன்பில் 1977இல் செய்த வேலை. கலிபோர்னியாவில் நடந்த 70 கொலை நிகழ்வுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் இருவர் பேச்சும் பதில்பேச்சுமாக வளரும் ஒரு தொடராக அவர் பார்த்தார். ஒருவர் சொன்னதை மற்றவர் மானத்தின் மேல் விழுந்த அடியாக எடுத்துக்கொள்கிறார், பின்வாங்கினால் கோழை என்று ஆகிவிடும், சுற்றி நிற்பவர்கள் தூண்டுகிறார்கள் அல்லது சும்மா நின்று சம்மதிக்கிறார்கள். முற்றத்தில் நடந்தது இதுதான். இதைச் சொல்வதால் மச்சான் தன் காயத்துக்குத் தானே பொறுப்பு என்று ஆகாது. அவர் சொன்னது ஒரு சொல், தள்ளியது ஒரு கை, கிடைத்தது கத்தி. அறிக்கையில் இதை முதல் பக்கத்திலேயே எழுதினேன்.

நான் வந்து சேர்ந்த முடிவு இது. முந்தைய சண்டைகளையெல்லாம் விலக்கிவிட்டவர் அம்மா. பணம் கேட்டு வாங்கியவர், இருவர் நடுவிலும் நின்றவர் அவர்தான். அவர் போன பிறகு அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை, குடும்பத்திலும் இல்லை, தெருவிலும் இல்லை, போலீஸிலும் இல்லை. தம்பியின் குணம் 2020இல் எப்படி இருந்ததோ அப்படியேதான் 2023இலும் இருந்தது. மாறியது சுற்றி இருந்தவை.

எடுத்த முடிவுகள்

1969இல் ஜின் (Zinn) என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மேல்முறையீட்டு அமர்வு வகுத்தபடி, தண்டனை குற்றத்தையும் குற்றவாளியையும் சமூகத்தின் நலனையும் சேர்த்து எடைபோட வேண்டும். நேரடிச் சிறையை நான் பரிந்துரைக்கவில்லை. முந்தைய தண்டனை எதுவும் இல்லை, திட்டமிடவில்லை, ஓடவில்லை, ஒப்புக்கொண்டார். ஒத்திவைத்த தண்டனை மட்டும் போதும் என்றும் சொல்லவில்லை. அது அவரை மறுநாளே அதே முற்றத்துக்கு, அதே மீட்டருக்கு அனுப்பிவிடும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 276(1)(எச்) பிரிவு அதிகபட்சம் மூன்று ஆண்டு சீர்திருத்தக் கண்காணிப்புக்கு இடம் தருகிறது. அதைக் கேட்டேன். வீட்டுக்காவல், சமூகப்பணி, போதை சிகிச்சை, மது விலக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக வேறு வீட்டில் வாசம். டொங்காட்டில் உள்ள தாய்மாமா ஏற்றுக்கொள்ளச் சம்மதித்தார்.

சமரசப் பேச்சு பற்றிய முடிவுதான் கடினமாக இருந்தது. கோயில் பெரியவர்கள் நல்ல மனதோடு வந்தார்கள். தைப்பூசத்தில் தம்பி காவடி எடுக்கட்டும், மச்சான் விபூதி பூசி மன்னிக்கட்டும், நீதிமன்றம் அதை ஏற்கட்டும் என்றார்கள். அக்காவிடம் தனியாகக் கேட்டேன். "எல்லாரும் என்னைத்தான் மன்னிக்கச் சொல்றாங்க. ராத்திரி தூங்காம கதவைப் பாக்குறது யாருன்னு கேக்கல" என்றார். மச்சான் தன் வாக்குமூலத்தில் சிறை வேண்டாம் என்றார், ஆனால் பக்கத்தில் வாழ முடியாது என்றும் சொன்னார். ஆகவே சந்திப்பை நான் பரிந்துரைக்கவில்லை. மூன்று வருடமாக இந்தக் குடும்பத்தைச் சத்தமில்லாமல் இருக்கச் சொன்ன அதே பழக்கம், மன்னிப்பு என்ற பெயரில் திரும்பி வரக்கூடாது என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். காவடி எடுப்பது தம்பியின் சொந்த நேர்த்திக்கடன். அது தண்டனையின் பகுதியாக ஆகாது என்று எழுதினேன்.

பிறகு நடந்தவை

2024இல் நீதிபதி மூன்று ஆண்டு சீர்திருத்தக் கண்காணிப்பு விதித்தார். நிபந்தனைகள் பெரும்பாலும் கேட்டபடியே. தம்பி டொங்காட் போனார். முதல் ஆறு மாதம் ஒழுங்கு. அப்புறம் சுகர்ஸுக்குத் திரும்பினார். ஹெராயின் பழக்கத்தில் திரும்ப விழுவது சிகிச்சையில் இருப்பவர்களிடம் சகஜமாகக் காண்பது. ஹெராயினுக்கு மாற்றாகத் தரும் மருந்தான மெத்தடோன் அரசு மருத்துவமனைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை, சீக்கிரம் கிடைத்திருந்தால் அந்த வீழ்ச்சி குறைந்திருக்கும். கண்காணிப்பு அதிகாரி அவரைச் சிறைக்கு அனுப்பச் சொல்லாமல் எச்சரித்து, மறுபடி சிகிச்சையில் சேர்த்தார். இந்தச் சரிவின்போதும் யாரையும் தாக்கவில்லை. அதே ஆள், அதே தூள். பக்கத்தில் மச்சான் இல்லை, மது இல்லை, சண்டையை முதல் சொல்லிலேயே நிறுத்திவிடும் மாமா இருந்தார்.

தைப்பூசத்தன்று நேரம் குறித்து அனுமதி வாங்கி, வேறு கோயிலில் காவடி எடுத்தார். அக்கா இன்னும் அவரிடம் பேசுவதில்லை. மச்சானால் கனமான வெல்டிங் வேலை செய்ய முடியவில்லை, குடும்ப வருமானம் பாதியாகிவிட்டது. தண்டனை எதுவும் அந்த இழப்பை ஈடுகட்டவில்லை. தூண்டிவிட்டவர் மேல் வழக்கு இல்லை. அவுட்பில்டிங்குக்குத் தனி மீட்டர் வைக்க உறவினர்கள் பணம் போட்டார்கள். மாட்டியாகிவிட்டது.

மாற வேண்டியவை

விசாரணைப் படிவத்தில் இப்போது ஒரு கேள்வியைச் சேர்த்திருக்கிறேன்: இந்த வீட்டில் முன்பெல்லாம் சண்டையை விலக்கிவிட்டது யார், அவர் இப்போது எங்கே? குடும்பத் தாக்குதல் வழக்குகளில் இந்தக் கேள்விக்கு வரும் பதில், போதைப் பழக்கம் பற்றிய பத்துக் கேள்விகளைவிட அதிகம் சொல்கிறது. முதல் கைகலப்பிலேயே, புகார் எழுதினாலும் எழுதாவிட்டாலும், பாதுகாப்பு உத்தரவு பற்றி வீட்டாருக்கு அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். அது போலீஸின் சட்டக் கடமையே. 2023இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு விண்ணப்பத்தை இணையம் வழியாகவும் தரலாம். கிழவிகளிடம் வாக்குமூலம் வாங்க வேண்டும், அவர்கள் பேசும் மொழியில். கோயில் பெரியவர்களுக்கு உண்மையான வேலை உண்டு: குத்துக்குப் பிறகு மன்னிப்பு வாங்கித் தருவதைவிட, மனஸ்தாபம் தெரிந்த நாளிலேயே கணக்கு நோட்டைக் கையில் வாங்கிக்கொள்வது.

இந்த வழக்கில் இன்னும் முடியாத ஒன்று இருக்கிறது. வீடு இன்றும் அம்மா பெயரில்தான். உயில் இல்லை. பிள்ளைகள் இருவருக்கும் பங்கு, விவாகரத்து ஆகாததால் போய்விட்ட அப்பாவுக்கும் சட்டப்படி பங்கு. 'என் வீட்டை விட்டுப் போ' என்று தம்பி சொன்னதற்கும், மச்சான் நகராததற்கும் அடியில் இருந்தது இதுதான். கண்காணிப்பு 2027இல் முடியும், அப்போது தம்பி எங்கே வாழ்வது என்ற கேள்வி வரும். அதற்குள் சொத்தைப் பிரித்துப் பதிவு செய்ய அக்கா ஒரு இலவச சட்ட உதவி வழக்கறிஞரைப் பிடித்திருக்கிறார். அப்பாவின் முகவரியைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.